ஆமாம் சொல்லும் கரடி

“உறையைப் பிரிங்க. உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்” என்றேன்.

நான்கு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். புத்தகத்தின் உறையை அல்ல, அவரவர் உடுப்பை அவிழ்க்கச் சொல்லிவிட்டதுபோல் ஒரு பார்வை.

பத்து நிமிடத்துக்கு முன்னால், படியேறும்போதே கினா அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். இந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அவள் இருபத்திரண்டு வருடமாக ஆயா. புத்தகத் தேர்வுக் குழுவில் ஆறு வருடமாக உறுப்பினர்.

“எதை வேணா கேளு, திஹோ. காபி ஏன் ஆறிப்போச்சுன்னு கேளு. ஜன்னலைச் சாத்தச் சொல்லு. உறையை மட்டும் பிரிக்கச் சொல்லாதே. அதை இங்க யாரும் கேக்கறதில்ல.”

“ஏன்?”

“கேக்கறதில்ல. அவ்வளவுதான்.”

மாடிக்கு வந்ததும் காரணம் தெரிந்ததுபோல் இருந்தது. மேசை மேல் மூன்று அடுக்குகள். மூன்று பதிப்பகங்கள், குழுவில் ஆளுக்கொன்று என்று ஐந்தைந்து பிரதிகள், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் மினுமினுத்துக்கொண்டு. நூலக இயக்குநர் நெத்யால்கா மேடத்தின் கைப்பையிலிருந்து பரிசு சுற்றும் தாள் ஒன்று சுருளாக எட்டிப் பார்த்தது. அவருடைய பேரன் டப்ளினில் இருக்கிறான். குழுவிலிருக்கும் டாக்டருக்கு இரண்டு பேத்திகள். பிரித்த புத்தகத்தை எப்படிப் பரிசாகக் கொடுப்பது? கல்வியை மதிக்கிற குடும்பங்கள் அல்லவா.

விஷயம் இதுதான். பல்கேரியாவில், டான்யூப் ஆற்றின் கரையில் இருக்கிற எங்கள் சின்ன நகரத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மேயரின் பரிசாக ஒரு புத்தகம் போகும். கெட்டி அட்டைப் புத்தகம். போன வருடம் பிறந்தது நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். இந்த வருடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் ஐந்து பேர் குழு. நகர மன்றக் கட்டடத்தில் வெந்நீர்க் குழாய் வெடித்துவிட்டதால் இந்த முறை கூட்டம் காப்பகத்தின் மாடியில், பாட்டு அறையில். கீழே குழந்தைகள். மேலே, இரண்டு வயதுக்கு மேற்பட்டவர் உட்கார முடியாத குட்டி நாற்காலிகளில், முழங்கால் மோவாயில் இடிக்க, காலணிக்கு மேல் நீல பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு, நகரத்தின் அறிவாளிகள்.

ஐந்தாவது ஆள் நான். முன்பு இருந்தவர் ஓய்வுபெற்றுவிட்டார். “இளசுகளும் கத்துக்கணும்” என்று நெத்யால்கா மேடம் என் பெயரைப் போட்டார். அதாவது கையெழுத்துப் போட ஒரு கை குறைந்தது. நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரமாக்கும் ஆணை தட்டச்சாகி, மேடத்தின் நீலக் கோப்பில், கையெழுத்தில்லாமல் கிடந்தது. கிடப்பதை எனக்குக் காட்டியும் விட்டிருந்தார்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மறைப்பானேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறார். அம்மா இத்தாலிக்காரன் கம்பெனிக்குக் கோட்டுக் காலர் தைக்கிறாள். நான் பிறந்தபோது எங்கள் வீட்டில் அச்சடித்த பொருள் என்று இருந்தது ரயில் நேர அட்டவணை ஒன்றுதான், அதுவும் பழசு. எங்கள் வகையறாவில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். படித்தது சிறு குழந்தைகளின் கல்வி. “நாலு வருஷம் சோபியாவுல படிச்சுட்டு கொழந்தைக்குப் படம் காட்டற வேலையா” என்று சித்தப்பா கேட்டார். அப்பாவோ துறைமுகத்தில் எல்லோரிடமும், என் மகள் நூலகத்தில் அதிகாரி என்று சொல்லி வைத்திருந்தார்.

“பிரிக்கறதா?” என்றார் பெஷேவ். துணை மேயர். கலாச்சாரத் துறை. அதற்கு முன்னால் டயர் கடை. “எதுக்கும்மா? சான்றிதழ் இருக்கு. அட்டை இருக்கு. பின்பக்கம் விவரம் இருக்கு.”

“சார், நீங்க டயர் வாங்கும்போது சுவத்துல ஒட்டியிருக்கற படத்தைப் பார்த்தா வாங்கினீங்க? அமுக்கிப் பார்ப்பீங்க இல்ல?”

டாக்டர் ஷிஷ்கோவ் தூக்கத்திலிருந்து ஒரு கண்ணைத் திறந்தார். நெத்யால்கா மேடம் தன் கைப்பையின் வாயை மூடினார்.

“பேரு திஹோமிரா” என்றார் பெஷேவ், மற்றவர்களிடம். “அமைதியான பொண்ணுன்னு அர்த்தம். பேரு வைக்கறப்ப அவசரப்பட்டுட்டாங்க போலிருக்கு.”

மேடம் சிரித்தார். டாக்டரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மேல் அடுக்கிலிருந்த புத்தகத்தை எடுத்து, நகத்தால் உறையைக் கீறிக் கிழித்துவிட்டேன். கிழிபடும் சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. அடுத்த அடுக்கில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்று.

“அடியே” என்றார் மேடம் மெதுவாக. பேரனுக்குப் போகவேண்டியது போன துக்கம்.

முதலாவது, கரடிப் புத்தகம். வெள்ளிப் பூச்சு, தங்க எழுத்து, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. வெளிநாட்டுப் புத்தகம், பல்கேரிய மொழியில் பெயர்த்தது. இரண்டாவதில் ஆட்டுக்குட்டி, தொட்டுப் பார்க்க வயிற்றில் ரோமம், அமுக்கினால் கத்துவதற்கு ஒரு பொத்தான். மூன்றாவது உள்ளங்கை அளவு. வார்னாவில் இரண்டு பெண்கள் நடத்தும் பதிப்பகம். மினுக்கம் கிடையாது. பக்கத்துக்கு ஒரு துளை, துளைக்குப் பின்னால் பூனையின் கண்ணோ வாத்தின் அலகோ.

நான் ஆட்டுப் புத்தகத்தின் முதுகைத் தடவினேன். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லை. நகம் பட்டதும் திறந்து, சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி மேசையில் உருண்டது. “முழுங்கிட்டா ஆபத்து. இது வேண்டாம்” என்று தள்ளி வைத்தேன். துளைப் புத்தகத்தின் மூலையை என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து அழுத்தினேன். உருண்டையாக வெட்டியிருந்தார்கள். அட்டையை மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. பிறகு வாயில் வைத்துக் கடித்தேன்.

“என்னம்மா பண்றே?” என்றார் டாக்டர். இப்போது இரண்டு கண்ணும் திறந்திருந்தது.

“இதை வச்சுக்கப் போறவங்க என்ன பண்ணுவாங்களோ அதைத்தான் பண்றேன், டாக்டர்.”

எச்சிலைத் துடைத்துப் பார்த்தேன். பல் தடம் விழுந்திருந்தது, ஆனால் தாள் பிரியவில்லை, சாயமும் கசியவில்லை. அடுத்துக் கரடிப் புத்தகத்தைக் கடித்தேன். வெள்ளிப் பூச்சு என் கீழுதட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் அதைத் துடைக்காமல் அப்படியே பெஷேவைப் பார்த்துப் பேசினேன்.

“மூலை குத்துது. பூச்சு உரியுது. இந்தக் கனத்தை ஒரு வயசுக் குழந்தை தூக்கவே முடியாது, கால்ல போட்டுக்கும். சரி, உள்ள பார்ப்போம்.”

முதல் பக்கத்தில் ஒரு கரடி. பக்கத்தின் கீழே இழுப்பதற்கு ஒரு அட்டை நாக்கு. ‘உனக்குத் தேன் வேண்டுமா, கரடியே?’ என்று கேள்வி. நாக்கை இழுத்தேன். கரடியின் தலை மேலும் கீழும் ஆடியது. பக்கத்தில் பெரிய எழுத்தில், ‘ஆமாம்’.

நான் மறுபடி இழுத்தேன். மேலும் கீழும். ஆமாம்.

அடுத்த பக்கம். ‘உனக்குக் குளிக்க வேண்டுமா, கரடியே?’ இழுத்தேன். தலை பக்கவாட்டில், இடமும் வலமும். ‘வேண்டாம்’.

“மேடம், இதைப் பாருங்க.”

“நல்லாத்தானே இருக்கு” என்றார் நெத்யால்கா மேடம். “தலையெல்லாம் ஆட்டுது.”

“எப்படி ஆட்டுதுன்னு பாருங்க.”

பார்த்தார். என் கையிலிருந்து வாங்கி அவரே இழுத்துப் பார்த்தார். கரடி மேலும் கீழும் ஆட்டியது. மேடத்தின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. முப்பது வருடம் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் அவர். புத்தகம் ஒன்றும் அவரைத் தொந்தரவு செய்ததில்லை.

கினா அக்காதான் வாய்க்குள் சொன்னாள். “தலைகீழா ஆட்டுது.”

ஆமாம். இந்த நாட்டில் ‘ஆமாம்’ என்றால் தலை இடமும் வலமும் ஆடும். ‘இல்லை’ என்றால் மோவாய் மேலே போய்க் கீழே வரும். கைக்குழந்தைக்கும் தெரியும். கைக்குழந்தைக்குத்தான் முதலில் தெரியும். பேச்சு வருவதற்கு முன்னால் அதற்கு வருகிற முதல் வார்த்தையே தலைதான். பத்தாம் மாதம், இன்னும் கொஞ்சம் பால் வேண்டுமா என்றால் இப்படியும் அப்படியும் ஆட்டும். எங்கோ வேறு தலையாட்டல் உள்ள நாட்டில் வரைந்த கரடிக்கு எவனோ எழுத்தை மட்டும் மாற்றி, தலையை மாற்றாமல் இங்கே அனுப்பிவிட்டான்.

“நானூறு வீட்டுக்கு இது போகுது” என்றேன். “அம்மா ஒரு பக்கம் ஆட்டுவா. கரடி இன்னொரு பக்கம் ஆட்டும். குழந்தை யாரை நம்பும்?”

பெஷேவ் பின்னால் சாய்ந்தார். குட்டி நாற்காலியில் சாய்வதற்கு எதுவும் இல்லாததால் சுவரில் தலை இடித்துக்கொண்டார். “ஐரோப்பா பூரா மேலயும் கீழயும்தாம்மா ஆட்டறாங்க. நாமளும் ஐரோப்பாதான். குழந்தைங்க சின்ன வயசுலயே சரியா கத்துக்கட்டும்.”

அவரைப் பற்றி ஊரே அறிந்த ஒன்று உண்டு. மூன்று நாள் பயிற்சிக்கு பிரஸ்ஸல்ஸ் போய்வந்த பிறகு மேலும் கீழுமாகத்தான் தலையாட்டுகிறார். இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்டால் ஐரோப்பிய முறையில் ஆமாம் சொல்வார்; கடைப்பெண் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதன்பிறகு அவர் பல்கேரியனாக மாறிக் கத்துவார்.

“போதும், நேரமாகுது. டாக்டருக்கு மூணே முக்காலுக்குப் பஸ்” என்றார் அவர். “கரடிதான். எல்லாருக்கும் சம்மதம்தானே?”

சம்மதம்தான். டாக்டர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். நெத்யால்கா மேடம் இடமும் வலமும் ஆட்டினார். கினா அக்கா, என்னைப் பார்க்காமல், லேசாக இடமும் வலமும். பெஷேவ் மட்டும் மேலும் கீழும்.

“நல்லது” என்றேன். “கரடி சொல்ற கணக்குப்படி டாக்டர் வேண்டாங்கறார். மேடம் வேண்டாங்கறாங்க. கினா அக்கா வேண்டாங்கறாங்க. சார் ஒருத்தருக்குத்தான் வேணும். என்னையும் சேர்த்தா நாலுக்கு ஒண்ணு. அப்படியே எழுதிக்கலாமா?”

“நான் சரின்னுதானே ஆட்டினேன்?” டாக்டர் குழம்பிப்போய் மேடத்தைக் கேட்டார்.

“நீங்க ஆட்டினது எனக்குப் புரியுது, டாக்டர். ஒரு வயசுக் குழந்தைக்கு யார் புரியவைக்கறது?”

கினா அக்கா சிரிப்பை அடக்கத் தும்முவதுபோல் செய்தாள். பெஷேவ் சிவந்துவிட்டார். தலையாட்டி பொம்மைகளின் குழுவில், எந்தப் பக்கம் ஆட்டுவது என்பதே கேள்வியாகிவிட்டால் பிறகு அவர்களுக்கு என்ன மிச்சம்.

“குழந்தைங்க கீழதானே இருக்கு. கொடுத்துப் பார்ப்போம்” என்றேன். “அஞ்சு நிமிஷம். நீங்க பனிட்சா சாப்பிடுங்க.”

யாரும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் தட்டிலிருந்த, பாலாடைக்கட்டி அடைத்த பனிட்சா சூடாக இருந்தது, வெண்ணெய் மணத்தது, மேடம் ஏற்கெனவே ஒரு துண்டை எடுத்துவிட்டார். நான் கரடியையும் துளைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கினா அக்கா பின்னாலேயே வந்தாள்.

“உனக்கு என்ன பைத்தியமா?” படியில் கிசுகிசுத்தாள். “வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன? ஆணை கையில வந்தப்புறம் கத்து. முப்பது வருஷத்துக்குக் கத்து.”

“ஆணை கையில வந்தப்புறம் நீங்க எத்தனை தடவை கத்தினீங்க, அக்கா?”

அவள் என்னைத் தாண்டி இறங்கினாள். கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

கீழே ஒன்பது குழந்தைகள் தூங்கி எழுந்து, முகம் உப்பி, கம்பளத்தின் மேல் கிடந்தார்கள். யோவா என்று ஒரு பெண் குழந்தை. பதினான்கு மாதம், மேலே நான்கு கீழே இரண்டு என்று ஆறு பல். அவளுடைய அம்மா என் அம்மா வேலை செய்கிற அதே தையல் கூடத்தில் பொத்தான் வைக்கிறாள். துளைப் புத்தகத்தைக் கொடுத்ததும் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு கடித்தாள், பிறகு துளையில் விரலை விட்டு மறுபக்கம் வந்த தன் விரலையே பார்த்து நின்றுவிட்டாள். பக்கத்தைப் புரட்டி மறுபடியும். விரல் வரும் என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. வந்ததும் பெருமையாக என்னைப் பார்த்தாள். மேலே உட்கார்ந்திருக்கிற நான்கு பேரும் சேர்ந்து ஒரு வருடத்தில் இவ்வளவு படித்திருக்க மாட்டார்கள்.

பிறகு கரடியைக் கம்பளத்தில் வைத்தேன். மினுமினுப்பைப் பார்த்து ஊர்ந்து வந்தாள். நாக்கைப் பிடித்து இழுத்தாள். கரடி ஆமாம் என்றது. இன்னும் பலமாக இழுத்தாள். நாக்கு கையோடு வந்துவிட்டது. அதன் நுனியில் கரடியின் தலையைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் ரிவிட், பட்டாணி அளவு, வெள்ளையாக. அது வாய்க்குப் போவதை நான் பார்த்தேன். என் கை எட்டுவதற்குள் போய்விட்டது. கினா அக்கா குழந்தையை முன்னங்கையில் குப்புறச் சாய்த்து, சுண்டு விரலை வளைத்துக் கன்னத்துக்குள் விட்டு, வெளியே எடுத்தாள். இரண்டு நொடி. அவளுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். குழந்தை அழக்கூட இல்லை.

“நாப்பது நொடி கூட ஆகல” என்றாள் கினா அக்கா. அவள் முகம் வெளுத்திருந்தது.

யோவா மறுபடி ஊர்ந்துபோய்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டாள். கடைசிப் பக்கம் திறந்தது. அங்கே கரடி இல்லை. மேயர் இருந்தார். பக்கம் முழுக்க, கழுத்துப்பட்டையோடு, பல் தெரிய. கீழே: ‘எங்கள் நகரின் புதிய குட்டிக் குடிமகனுக்கு, உன் முதல் புத்தகம்.’ அதற்கும் கீழே அச்சடித்த கையெழுத்து, இந்த வருடம், மே இருபத்து நான்கு, எங்கள் பல்கேரிய எழுத்துத் திருநாள் தேதி. அதற்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது.

யோவா மேயரின் மூக்கின் மேல் எச்சில் வடித்தாள்.

நான் கினா அக்காவைப் பார்த்தேன். அவள் கம்பளத்தைப் பார்த்தாள்.

“நிலவறையில இருக்கு” என்றாள் கடைசியில். “உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்துல. இருபத்தோரு பெட்டி. திங்கக்கிழமையே வந்துருச்சு. வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்.”

ஆக, பேரனும் பரிசுத் தாளும் சின்னச் சில்லறைக் காரணம். உறையைப் பிரிக்கக் கூடாததற்கு இதுதான் காரணம். தேர்ந்தெடுக்க வந்த குழு, தேர்ந்தெடுத்து, அச்சடித்து, வந்து இறங்கிவிட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறது. யாரோ அவசரத்தில் மாதிரிப் பிரதிக்குப் பதிலாக அந்தப் பெட்டியிலிருந்தே ஐந்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார்கள். எப்படியும் யாரும் பிரிக்கப்போவதில்லை என்ற நம்பிக்கை. இத்தனை வருடம் வீண்போகாத நம்பிக்கை.

“எனக்கு ஓய்வுக்கு மூணு வருஷம் இருக்குடி” என்றாள் கினா அக்கா.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. இவ்வளவு தெரிந்த விரல்கள், வளைத்து உள்ளே விட்டு எடுக்கத் தெரிந்த விரல்கள், அந்த ரசீதிலும் கையெழுத்துப் போட்டன.

மேலே போய் ரிவிட்டைப் பனிட்சாத் தட்டில், வெண்ணெய்க் கறைக்கு நடுவில் வைத்தேன்.

“இது யோவாவோட வாய்க்குள்ள இருந்துச்சு” என்றேன்.

டாக்டர் குனிந்து பார்த்தார். குழந்தை மருத்துவர், நாற்பது வருட அனுபவம். “முழுங்கியிருந்தாலும் மறுநாள் வெளிய வந்துருக்கும்” என்றார்.

“மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தா?”

“அதெல்லாம் அபூர்வம்.” கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்து அபூர்வமல்ல.

“இந்த மாதிரிப் புத்தகத்தைக் குழந்தை கையில யாரு கொடுப்பா?” என்றார் நெத்யால்கா மேடம். “அலமாரியில வச்சு, அம்மா எடுத்துக் காட்டணும். அம்மா இழுக்கணும், குழந்தை பார்க்கணும். அதுதான் முறை.”

“யோவாவோட அம்மா ஆறு மணி வரைக்கும் பொத்தான் தைக்கிறா, மேடம். அந்த வீட்டுல அலமாரியே கிடையாது. நீங்க கொடுக்கற இந்த ஒண்ணுதான் அந்த மாதிரி வீட்டுல இருக்கப் போற ஒரே புத்தகம். அது கையில எடுத்த உடனே பிஞ்சு போனா, பிஞ்ச உடனே அடி விழுந்தா, குழந்தை என்ன கத்துக்கும் தெரியுமா? புத்தகம்னா தொடக்கூடாத சாமான். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இல்ல.”

“சொற்பொழிவு நல்லா இருக்கு” என்றார் பெஷேவ்.

நான் கடைசிப் பக்கத்தைத் திறந்து மேயரை மேசை மேல் நிமிர்த்தி வைத்தேன். மூக்கு இன்னும் ஈரமாக இருந்தது.

டாக்டர் மட்டும், “மேயர் படத்துல நல்லா விழுந்திருக்கார்” என்றார், உண்மையாகவே.

பெஷேவ் மெதுவாகப் புத்தகத்தை மூடினார். “சரி. பார்த்துட்டே. எங்களுக்கும் தெரியும். இப்ப என்ன, இருபத்தோரு பெட்டியை ஆத்துல போடச் சொல்றியா? அடுத்த வருஷம் நீ சொல்றதை வாங்கலாம். துளை போட்டதோ, கிழிஞ்சதோ. இந்த வருஷம் கையெழுத்துப் போடு.”

நெத்யால்கா மேடம் எழுந்து என்னை ஜன்னலோரம் அழைத்துப் போனார். நீலக் கோப்பும் கூட வந்தது. அவர் குரலில் வெல்லம் கரைந்தது.

“இங்க பாரு, திஹோமிரா. ரெண்டு காகிதம். அதுல நீ போடு, இதுல நான் போடறேன். இப்பவே. உனக்கு முப்பது வருஷத்துக்குச் சோறு. உங்கப்பா முதுகை நினைச்சுப் பாரு. அவரு எத்தனை பேர்கிட்ட சொல்லி வச்சிருக்காருன்னு எனக்கும் காதுல விழுந்துச்சு. என் இடத்துக்கே நீ ஒருநாள் வரலாம்.”

அவருடைய இடம். நான் அதைக் கற்பனை செய்து பார்த்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, கைப்பையில் பரிசுத் தாள், எதிரே குட்டி நாற்காலியில் யாரோ ஒரு பெண் ஏதோ கேட்கிறாள், நான் அவளை ஜன்னலோரம் அழைத்துப் போகிறேன். அப்பாவின் முதுகையும் நினைத்தேன். அது வலிக்கும். ஆனால் அந்த முதுகு இத்தனை வருடம் மூட்டை சுமந்தது நான் இந்தக் காகிதத்தில் தலையாட்டுவதற்கு இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னால் அவருக்குப் புரியுமா என்பது வேறு. அநேகமாகத் திட்டுவார்.

“பேனா கொடுங்க” என்றேன்.

மேடத்தின் முகம் மலர்ந்தது. பெஷேவ் தீர்மானத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, ஐரோப்பிய முறையில் தலையாட்டினார். என் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பக்கத்தில், ‘மறுப்புக் குறிப்புடன்’ என்று எழுதினேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன்.

“என்ன எழுதறே?”

“மறுப்புக் குறிப்பு. உறுப்பினருக்கு உரிமை உண்டு. விதி அங்க சுவத்துல ஒட்டியிருக்கு.”

“பதினோரு வருஷமா இந்தக் குழுவுல ஒருத்தரும் அதை எழுதினதில்ல” என்றார் பெஷேவ்.

“தெரியும், சார்.”

“அது இருந்தா கோப்பு மாவட்டத்துக்குப் போகணும். மாதிரிப் பிரதியோட.” அவருடைய குரல் முதல் முறையாகத் தாழ்ந்தது. “நீ என்ன செய்யறேன்னு தெரிஞ்சுதான் செய்யறியா?”

நான் எழுதினேன். அலங்காரம் எதுவும் இல்லை. கரடியின் தலை தவறான திசையில் ஆடுகிறது. பதினான்கு மாதக் குழந்தை நாற்பது நொடிக்குள் பிடுங்கிய ரிவிட் தொண்டையை அடைக்கக்கூடியது, இத்துடன் இணைத்துள்ளேன். குழு கூடுவதற்கு முன்பே மேயரின் படத்துடன் அச்சிட்டு இருபத்தோரு பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. அந்தப் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். என் தேர்வு, துளை உள்ள சிறிய புத்தகம். காரணம், அது உடையவில்லை. பெயர், தேதி.

பெட்டிகளை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதவில்லை. கினா அக்கா கதவருகே நின்று என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரி வரவில்லை என்று தெரிந்ததும் சுவரில் சாய்ந்தாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை, அது ஒன்றுதான் அன்று அந்த அறையில் யாரேனும் செய்த கௌரவமான காரியம்.

இரண்டு தாளை எழுதினேன், ஒரே வாசகம். ஒன்று கோப்பில் போயிற்று. மற்றதை மடித்து என் கோட்டுப் பையில் வைத்தேன்.

“அது எதுக்கு?” என்றார் மேடம்.

“கோப்பு தொலைஞ்சு போனா.”

“உன் ஆணையில நான் கையெழுத்துப் போடமாட்டேன்னு உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும், மேடம். மேயர் மூக்கைப் பார்த்தப்பவே தெரியும்.”

நூலகத்தின் குழந்தைகள் பிரிவுச் சாவியைக் கழற்றி நீலக் கோப்பின் மேல் வைத்தேன். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க எனக்கு ஒன்றும் இல்லை. பெஷேவ் யாரையோ தொலைபேசியில் அழைத்து, “ஒரு சின்னச் சிக்கல், ரொம்பச் சின்னது” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். டாக்டர் கடைசிப் பனிட்சாவைத் துடைக்கும் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார், வழியில் சாப்பிட.

வெளி வாசலில் அம்மாக்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், குரல்கள் கேட்டன. யோவாவின் அம்மா வேலை முடிந்துதான் வருவாள், ஆறு மணிக்கு மேல் ஆகும். பரவாயில்லை, நிற்கலாம். அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டிய தாள் என் பையில் இருந்தது. மேடம் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தேன்.